பட்டை மட்டும் போதாது

பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது சகஜம்தானே? மும்பை தாராவியின் தமிழ்க் குடும்பங்களுக்கும் பழக்கமான சமாதானம் இது. பக்கத்திலுள்ள சயான் மருத்துவமனை போன்ற இடங்களில் கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதிப்பது, அந்தச் சமாதானத்துக்குப் பின்னால் ஆபத்து ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான்.

சோதனைப் பட்டையின் மஞ்சள் கட்டம் பச்சையானால், சிறுநீரில் புரதம் கசிகிறது. 20 வாரத்துக்குப் பின் ரத்த அழுத்தமும் 140/90ஐ எட்டினால் ப்ரீஎக்லாம்ப்சியா என்று சந்தேகம். 24 மணி நேரச் சிறுநீரில் 300 மில்லிகிராம் புரதம் இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. நோய் முற்றினால் வலிப்பு வரும். தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து.

பட்டை நிறம் மாறாவிட்டால் நிம்மதியா? இல்லை. புரதம் கட்டாயமில்லை என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2013இல் விதியை மாற்றியது. உயர் ரத்த அழுத்தத்துடன் தட்டணுக் குறைவோ கல்லீரல் பாதிப்போ இருந்தாலே போதும். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் அடுத்த 'செக்கப்' தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.