டிவி வாங்கியாச்சு, மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

ஆடித் தள்ளுபடி, தீபாவளி ஆஃபர், பொங்கல் ஆஃபர்னு வருஷம் முழுக்க டிவி விலை இறங்கிக்கிட்டே இருக்கு. எந்த டிவி வாங்கலாம்னு சொல்றதுக்கு யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. வாங்கினதை எங்க வைக்கணும், எப்படி மாட்டணும், எந்த பிளக்ல சொருகணும்னு பேசுறவங்க ரொம்பக் கம்மி. இன்னைக்கு நான் பேசப்போறது அதைப் பத்திதான். முதல்ல எடை, அப்புறம் கரெண்ட், கடைசியா கொஞ்சம் இன்டர்நெட்.

விழுறதுக்கு எவ்வளவு விசை வேணும்?

பழைய பிக்சர் ட்யூப் டிவியைத் தூக்க ரெண்டு பேர் வேணும். இப்போ வர்ற 43 இன்ச் டிவியை ஒரே ஆள் தூக்கிடலாம், பத்து கிலோவுக்குப் பக்கத்துலதான் இருக்கும். இவ்வளவு லேசா இருக்கே, விழுந்தா என்ன ஆகிடப் போகுதுன்னு தோணும். இங்க ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

டிவி உயரம் 60 செ.மீ., அதோட கால்கள் முன்னாடி பின்னாடி சேர்த்து 20 செ.மீ.னு வெச்சுக்குவோம். எடை நடுவுல இருந்தா, முன்பக்க விளிம்புக்கு 10 செ.மீ. தூரம். மேல் விளிம்பைப் பிடிச்சு முன்னாடி இழுத்து சாய்க்கத் தேவையான விசை, 10 கிலோவை 10-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தா, ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு வயசுக் குழந்தை எட்டிப் பிடிச்சுத் தொங்கினாலே அதைவிட அதிக விசை வந்துடும். விழுற டிவி நேரா வர்றது குழந்தையோட தலை உயரத்துக்கு.

டிராயர் வெச்ச அலமாரி மேல டிவி இருந்தா நிலைமை இன்னும் மோசம். குழந்தைங்க டிராயரை வெளிய இழுத்து, அதைப் படி மாதிரி வெச்சு ஏறும். அப்போ அலமாரியே முன்னாடி சாயும், டிவியும் சேர்ந்து வரும். அதனால உயரம் கம்மியான, அகலமான டிவி யூனிட்தான் நல்லது. டிவியோட ரெண்டு காலும் முழுசா அது மேல உட்காரணும். ரிமோட், பொம்மை, சாக்லேட் டப்பா எதையும் டிவிக்கு மேலயோ பின்னாடியோ வைக்காதீங்க. குழந்தை ஏறுறதே அதை எடுக்கத்தான்.

"நாங்க வாடகை வீடு, ஓனர் சுவர்ல ஓட்டை போட விடமாட்டார்"னு ஒரு நேயர் எழுதியிருந்தாங்க. ஆன்ட்டி-டிப் ஸ்ட்ராப்னு ஒரு பட்டை கிடைக்குது. அதோட ஒரு முனை டிவிக்குப் பின்னாடி இருக்கிற ஸ்க்ரூ ஓட்டையில, இன்னொரு முனை கனமான மர யூனிட்டோட பின்பலகையில. சுவரைத் தொடவே வேண்டாம். ஆனா ஒண்ணு, யூனிட் நிஜமாவே கனமா, தாழ்வா இருக்கணும். லேசான டேபிள்ல கட்டினா டேபிளும் சேர்ந்துதான் வரும்.

சுவர்ல மாட்டும்போது

டிவிக்குப் பின்னாடி நாலு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைகளுக்கு நடுவுல இருக்கிற தூரத்துக்கு வெசான்னு ஒரு அளவுமுறை இருக்கு. 100-க்கு 100, 200-க்கு 200, 400-க்கு 400 மில்லிமீட்டர், இப்படி. மவுண்ட் வாங்கும்போது இந்த அளவும் சரியா இருக்கணும், அது தாங்குற எடையும் உங்க டிவி எடையைவிடத் தாராளமா இருக்கணும்.

அடுத்தது சுவர். சிமெண்ட் பூச்சு மேல தெரியும், உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. செங்கல்லோ கான்கிரீட்டோ இருந்தா பிளக்கும் ஸ்க்ரூவும் நல்லா பிடிக்கும். புது அப்பார்ட்மெண்ட்கள்ல ஏஏசி பிளாக்னு காற்றுக் குமிழி நிறைஞ்ச லேசான கல் வெச்சுக் கட்டுறாங்க. அதுல சாதாரண பிளாஸ்டிக் பிளக் போட்டா இன்னைக்கு இறுக்கமா இருக்கும், கொஞ்ச மாசத்துல லூசாகும். அந்தக் கல்லுக்குன்னு தனி ஆங்கர் இருக்கு, அதைத்தான் போடணும். ட்ரில் பண்ணும்போது செங்கல் பொடி சிவப்பா வரும், ஏஏசி பொடி வெள்ளையா, சாம்பலா, மாவு மாதிரி சுலபமா கொட்டும். முதல் ஓட்டை போடும்போதே பக்கத்துல நின்னு பார்த்துடுங்க. எந்தச் சுவரா இருந்தாலும், பிளக் பூச்சோட நின்னுடக் கூடாது, கல்லுக்குள்ள போகணும்.

சுவருக்குள்ள வயரும் ஓடுது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் பைப்புல வயர் போறது வழக்கம். அந்தக் கோட்டுல ட்ரில் வைக்காதீங்க. ட்ரில் பண்ற அறையோட எம்சிபியை ஆஃப் பண்ணிட்டு, வேற அறையிலிருந்து கரெண்ட் எடுத்துக்கலாம்.

வெளிய இழுத்துத் திருப்புற ஆர்ம் வெச்ச மவுண்ட் பார்க்க ஸ்டைலா இருக்கும். அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. 15 கிலோ டிவி, மவுண்ட் தகடு 20 செ.மீ. உயரம். டிவி சுவரை ஒட்டி 5 செ.மீ.ல இருந்தா மேல் ஸ்க்ரூக்களை வெளிய இழுக்குற விசை சுமார் 4 கிலோ. அதே டிவியை 40 செ.மீ. வெளிய இழுத்தா 30 கிலோ. டிவி மாறலை, சுவர் மாறலை, விசை மட்டும் எட்டு மடங்கு ஆகுது. ஏஏசி சுவர்னா ஆர்ம் வேண்டாம், ஒட்டி மாட்டுற மவுண்ட் போதும்.

பிளக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும்

43 இன்ச் எல்இடி டிவி எடுக்குற கரெண்ட் நூறு வாட்டுக்குள்ளயோ சுத்தியோ இருக்கும். 230 வோல்ட்ல அரை ஆம்ப் கூட இல்லை. சின்ன 6 ஆம்ப் பிளக் பாயிண்ட்டே தாராளம்.

சிக்கல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல வருது. டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை ரூட்டர், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்தாலும் பெருசா லோடு இல்லை. அதே பாக்ஸ்ல யாராவது அயர்ன் பாக்ஸையோ இண்டக்‌ஷன் அடுப்பையோ சொருகினா கதை வேற. 2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும், 6 ஆம்ப் பாக்ஸ் தாங்காது. உள்ள இருக்கிற பித்தளைக் காண்டாக்ட் சூடாகி, பிளாஸ்டிக் உருகி, அதுவும் டிவிக்குப் பின்னாடி நம்ம கண்ணுல படாத இடத்துல நடக்கும். பாக்ஸைத் தொட்டா சூடா இருக்கா, பிளக் லூசா ஆடுதா, கருகின வாசனை வருதா, இதுல எது இருந்தாலும் பாக்ஸை மாத்திடுங்க. ஒரு எக்ஸ்டென்ஷன்ல இன்னொரு எக்ஸ்டென்ஷனைக் கோக்கவே வேண்டாம்.

நியூட்ரல் கட்

இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்குங்க.

தெருவுக்கு வர்ற சப்ளைல மூணு பேஸ், ஒரு நியூட்ரல். உங்க வீடு ஒரு பேஸ்ல, பக்கத்து வீடு இன்னொரு பேஸ்ல இருக்கலாம். நியூட்ரல் பொதுவானது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 230 வோல்ட். ரெண்டு பேஸுக்கு நடுவுல 400 வோல்ட். அந்தப் பொது நியூட்ரல் எங்கயாவது அறுந்தா, ரெண்டு வீடும் சங்கிலி மாதிரி கோத்துக்கிட்டு அந்த 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கும். பங்கு சமமா வராது. லோடு கம்மியா ஓடுற வீட்டுக்குத்தான் அதிக வோல்டேஜ். பக்கத்து வீட்டுல ஏசி ஓடுது, உங்க வீட்டுல ஒரு லைட்டும் டிவியும் மட்டும்னா, அடி வாங்குறது உங்க டிவி.

அறிகுறி சுலபமா தெரியும். சில லைட் திடீர்னு கண்ணு கூசுற மாதிரி எரியும், ஃபேன் வேகமெடுக்கும், இன்னொரு பக்கம் லைட் மங்கும். காரணம் தேடிக்கிட்டு நிக்காதீங்க. நேரா போய் மெயினை ஆஃப் பண்ணுங்க. அப்புறம் பக்கத்து வீட்டுல சொல்லுங்க, ஈபிக்குப் போன் போடுங்க. தமிழ்நாட்டுல மின்னகம் எண் 94987 94987.

"நான் ஸ்பைக் பஸ்டர் வெச்சிருக்கேனே"ன்னு கேட்பீங்க. அது வேற வேலைக்கு. ஒரு நொடியில லட்சத்துல ஒரு பங்கு மாதிரி கண்சிமிட்டுற நேரத்துக்கும் கம்மியா வந்து போற வோல்டேஜ் துள்ளலை அது உறிஞ்சும். நியூட்ரல் கட் நிமிஷக்கணக்குல நிக்கும், அதை உறிஞ்சப் போய் ஸ்பைக் பஸ்டரே சூடாகிக் கருகும். வோல்டேஜ் எல்லை தாண்டினா சப்ளையைத் துண்டிக்கிற ஹை-வோல்டேஜ் கட்-ஆஃப் இருக்கிற ஸ்டெபிலைசரோ, வோல்டேஜ் ப்ரொடெக்டரோதான் இதுக்குப் பாதுகாப்பு. வாங்கும்போது அந்த வசதி இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

இடி, எர்த், சுரீர்

இடி இடிக்கும்போது சுவிட்சை ஆஃப் பண்ணினா போதும்னு நினைக்கிறோம். சுவிட்சுக்குள்ள இருக்கிற இடைவெளி சில மில்லிமீட்டர்தான், மின்னலுக்கு அது தடையே இல்லை. பிளக்கைக் கழட்டணும். மொட்டை மாடி டிஷ்ல இருந்து வர்ற கேபிளையும் செட்டாப் பாக்ஸ்ல இருந்து கழட்டணும். ரெண்டையும் மழை மேகம் திரளும்போதே செஞ்சிடுங்க. இடி தலைக்கு மேல வந்த பிறகு கேபிளைத் தொடாதீங்க, அப்போ டிவி போனாலும் பரவாயில்லை.

டிவிக்குப் பின்னாடி கை வெச்சா சுரீர்னு லேசா ஒரு உணர்வு வருதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. எர்த் இல்லாத இணைப்புல, பவர் சப்ளைக்குள்ள இருக்கிற ஃபில்டர் கபாசிட்டர் வழியா ரொம்பச் சின்ன கரெண்ட் கசியுறதால இது வரும். லேசான கூச்சம்னா பெரும்பாலும் அதுதான். உதறித் தள்ளுற மாதிரி அடிச்சா அது வேற, உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. ஹெச்டிஎம்ஐ, கேபிள் எது மாத்தினாலும் பிளக்கைக் கழட்டிட்டு மாத்துங்க.

எர்த் வயரே இல்லாத பழைய வீடுகள்ல, பிளக் பாயிண்ட்டோட எர்த் ஓட்டையை நியூட்ரல்லயே கோத்து விடுற பழக்கம் இருக்கு. இதை யார் செஞ்சாலும் ஒத்துக்காதீங்க. நியூட்ரல் அறுந்த அன்னைக்கு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பெல்லாம் ஷாக் அடிக்கும். வாடகை வீட்டுல மெயின் போர்டைத் திறந்து பாருங்க. ‘டெஸ்ட்’னு பட்டன் இருக்கிற ஆர்சிசிபி இருக்கான்னு பாருங்க. எம்சிபி வயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்துறது 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி. மாசம் ஒரு தடவை அந்தப் பட்டனை அமுக்கினா உடனே ட்ரிப் ஆகணும். ஆகலைன்னா மாத்தணும். இதை ஓனர்கிட்ட கேட்கத் தயங்காதீங்க.

சூடு, விளக்கு, தண்ணி

டிவி பின்பக்கத் துவாரம் வழியாத்தான் சூடு வெளிய போகுது. அழகுக்காகத் துணி போர்த்தி வெச்சிட்டு, எடுக்காம ஆன் பண்ணாதீங்க. சுத்தியும் ஒரு சாண் இடம் விடுங்க. டிவி யூனிட்லயே சாமி படம் வெச்சு விளக்கேத்துற வீடுகள் உண்டு. விளக்கையும் ஊதுபத்தியையும் வேற இடத்துக்கு மாத்திடுங்க. பூ ஜாடி, தண்ணி பாட்டிலும் அங்க வேண்டாம். ஸ்கிரீன்ல நேரா ஸ்ப்ரே அடிச்சா திரவம் வழிஞ்சு கீழ் விளிம்புல உள்ள போகும். ஆஃப் பண்ணி, ஆறவிட்டு, காய்ஞ்ச மைக்ரோஃபைபர் துணியால துடைச்சா போதும். பின்மூடியைக் கழட்டாதீங்க, பிளக்கை எடுத்த பிறகும் கபாசிட்டர்ல சார்ஜ் நிக்கும்.

புகை வந்தா ரிமோட்டைத் தேடாதீங்க, எம்சிபியை ஆஃப் பண்ணுங்க. தண்ணி ஊத்தாதீங்க. எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்து 101 அல்லது 112-க்குக் கூப்பிடுங்க.

டிவியும் உங்களைப் பார்க்குது

ஸ்மார்ட் டிவில ஏசிஆர்னு ஒரு வசதி இருக்கு. ஸ்கிரீன்ல ஓடுறது என்னன்னு அடையாளம் கண்டு கம்பெனிக்கு அனுப்பும். அமெரிக்காவுல விசியோ கம்பெனி 1.1 கோடி டிவிகள்ல சம்மதம் கேட்காம இதைச் செஞ்சதுன்னு வழக்கு வந்து, 2017-ல 22 லட்சம் டாலர் கட்டி முடிச்சாங்க. உங்க டிவி செட்டிங்ஸ்ல பிரைவசி பகுதிக்குப் போய் ‘வியூயிங் டேட்டா’, ‘விளம்பரத் தனிப்பயனாக்கம்’ மாதிரி இருக்கிறதை ஆஃப் பண்ணுங்க. படம் ஓசியில பார்க்கலாம்னு யாரோ அனுப்புற ஏபிகே ஃபைலை டிவியில ஏத்தாதீங்க. அதே டிவியிலதான் உங்க கூகுள் அக்கவுண்ட்டும் இருக்கு.

இன்னைக்கு ராத்திரியே பார்க்கலாம்

டிவி மேல் விளிம்பை ஒரு விரலால மெல்லத் தள்ளிப் பாருங்க, ஆடுதா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டுப் பாருங்க, சூடா இருக்கா? ஆர்சிசிபி பட்டனை அமுக்குங்க. வீட்டுல இருக்கிற எல்லாருக்கும், அம்மா அப்பாவுக்கும் சேர்த்து, மெயின் சுவிட்ச் எங்க இருக்குன்னு காட்டுங்க. பாதிப் பேருக்குத் தெரியாம இருக்கும்.

உங்க வீட்டுச் சுவர், வயரிங் பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்க, தேர்ந்தெடுத்து அடுத்த எபிசோட்ல ஒரு எலக்ட்ரீஷியனோட உட்கார்ந்து பேசுறேன்.