ஸ்கேன் 'நோர்மல்' என்றாலும் சிஸ்டோஸ்கோபி எதற்கு?

வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் போனால் நம்மவர்களில் பலர் "உடம்புச் சூடு" என்று இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடுகிறார்கள். இரண்டு நாளில் நிறம் தெளிந்தால் விடயமும் மறந்துபோகும். டொக்டர் சிஸ்டோஸ்கோபி செய்யச் சொன்னாலோ, "ஸ்கேன் நோர்மல்தானே, பிறகு எதற்கு?" என்கிறார்கள். தாதி உத்தியோகத்தராக வேலை செய்தவள் என்பதால் என்னிடமும் அடிக்கடி இதைக் கேட்கிறார்கள்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கல், சிறுநீரக வீக்கம், ஓரளவு பெரிய கட்டி தெரியும். சிறுநீர்ப்பையின் உட்சுவரில் தட்டையாகவோ மிகச் சிறியதாகவோ இருக்கும் புற்றுநோய் அதில் தப்பிவிடலாம். அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அதிலும் புகைபிடிப்பவர்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூட.

உள்ளே பார்க்கும் முயற்சி பழையது. 1806இல் ஜேர்மனியில் பொட்ஸினி என்ற மருத்துவர் மெழுகுதிரி வெளிச்சத்தைக் குழாய் வழியே செலுத்திப் பார்த்தார். 1879இல் நிட்ஸே என்பவர் கருவியின் நுனியிலேயே விளக்கு வைத்தார். அது பழுக்கக் காய்ந்த பிளாட்டினக் கம்பி. சூடு தணிய அதைச் சுற்றித் தண்ணீர் ஓடியது. நினைத்தாலே உடம்பு கூசுகிறது!

இன்றைக்குப் பரிசோதனைக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் வளையும் கருவிதான். பென்சிலை விட மெல்லியது, நுனியில் கெமராவும் வெளிச்சமும் இருக்கும். மரத்துப்போகச் செய்யும் ஜெல் பூசி, சிறுநீர் வரும் வழியாலேயே செலுத்துவார்கள், எங்கும் வெட்டுவதில்லை. சிறுநீர்ப்பையைச் சேலைன் விட்டு விரியவைத்துச் சுற்றிப் பார்ப்பார்கள். சிறுநீர் முட்டுவது போலிருக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெண்களுக்குச் சிறுநீர்வழி சுமார் 4 சென்டிமீற்றர்தான் என்பதால் இன்னும் இலகு. ஊர்க்கதைகளில் வரும் பயமெல்லாம் வளையாத இரும்புக் கருவியைப் பற்றியது. கட்டியை அகற்ற இன்றும் அதுதான் தேவை; ஆனால் முதுகில் ஊசி போட்டோ, மயக்கம் கொடுத்தோதான் செய்வார்கள்.

பலரைத் தடுப்பது வலியல்ல, வெட்கம். தேவையான இடம் தவிர மற்றதெல்லாம் துணியால் மூடியிருக்கும். பெண் தாதி கூட இருக்க வேண்டும் என்று கேளுங்கள், அதில் தப்பே இல்லை.

இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை பாவிப்பவர்கள் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்ல வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது. பரிசோதனைக்குப் பிறகு ஓரிரு நாள் எரிவும் இலேசான இரத்தமும் இருக்கலாம். காய்ச்சல், இரத்தக்கட்டி, சிறுநீர் அடைப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.