பெயரைச் சொல்லுங்கள், காத்திருங்கள்

மும்பை நேசிக்கும் ஓட்டல்கள் பலவற்றில் முன்கூட்டியே இடம் பிடித்து வைக்க முடியாது. பணமும் பதவியும் செல்லுபடியாகாத அந்த வரிசைக்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கும் ஒரு நீண்ட சரித்திரமும் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் முதல் முறையாகப் போகிறவர்கள், ஏதோ கல்யாண வீட்டு வாசல் என்றுதான் நினைப்பார்கள். நடைபாதை முழுக்கக் கூட்டம். குளித்து விபூதி இட்டுக்கொண்டு வந்த தாத்தாக்கள், ஓட்டப் பயிற்சி முடித்து வேர்வையோடு நிற்கும் இளைஞர்கள், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்ட குஜராத்திக் குடும்பம், டிரைவரைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இறங்கி வந்த தொழிலதிபர். கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் எழுதிக்கொள்ளும் ஊழியர் கேட்பது இரண்டே விவரங்கள்: பெயர் என்ன, எத்தனை பேர்? பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் அப்புறம் கூப்பிடும்வரை நிற்க வேண்டியதுதான். சிபாரிசு எடுபடாது.

1940இல் தொடங்கப்பட்ட இந்த ஓட்டலின் பெயர்தான் மெட்ராஸ். நடத்துவது கர்நாடகத்திலிருந்து வந்த காமத் குடும்பம். ரசவடைக்கும் ராகி தோசைக்கும் வெண்ணெய் மணக்கும் பொடி தோசைக்கும் அடிமையானவர்கள் தமிழர்கள் மட்டுமல்ல. பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கக்கூடிய பலகாரத்துக்காக முக்கால் மணி நேரம் நிற்பதை இவர்கள் யாரும் விநோதமாக நினைப்பதில்லை.

இதே காட்சியை நகரின் பல மூலைகளில் பார்க்கலாம். தார்தேவில் 1963இல் ஒரு சிறிய கடையாக ஆரம்பித்த ஸ்வாதி ஸ்நாக்ஸில் பான்கிக்காகப் பெயர் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். பல்லார்ட் எஸ்டேட்டில் 1923 முதல் இயங்கும் பிரிட்டானியா மதியச் சாப்பாட்டுக்குப் பேர்போன இடம். ஈரானிலிருந்து வரும் புளிப்புப் பழம் தூவிய பெர்ரி புலாவுக்காக அங்கே வக்கீலும் துறைமுக குமாஸ்தாவும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அதன் உரிமையாளர் போமன் கோஹினூர், 2019இல் தமது 97ஆவது வயதில் காலமாகும்வரை, மேஜை மேஜையாக வந்து விசாரித்து ஆர்டர் எடுத்தவர். கொலாபாவில் தாஜ் ஓட்டலுக்குப் பின்புறச் சந்தில் 1946இல் தொடங்கிய படேமியா கபாப் கடையிலோ மேஜையே பிரச்சினையில்லை. கார் வைத்திருப்பவர்களுக்கு பானெட்தான் மேஜை.

சினிமா டிக்கெட், ரயில் பெர்த், டாக்டரின் நேரம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே பிடித்து வைக்கும் நகரம் இது. ஒரு நிமிடம் தாமதித்தால் லோக்கல் ரயில் போய்விடும் என்று ஓடுகிறவர்கள், இட்லிக்காக மட்டும் ஏன் இவ்வளவு பொறுமை காட்டுகிறார்கள்?

நாற்காலிக் கணக்கு

முதல் காரணம் முதலாளியின் கல்லாவில் இருக்கிறது. நாற்பது பேர் உட்காரக்கூடிய ஓர் ஓட்டலை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வந்து, சாப்பிட்டு, காப்பி குடித்து எழுந்திருக்க இருபது நிமிடம் ஆகிறது என்றால், ஒரு மணி நேரத்தில் 120 பேர் சாப்பிடலாம். இதில் நான்கு பேர் மேஜை ஒன்றைப் பதிவு செய்தவருக்காக இருபது நிமிடம் காலியாக வைத்தால் நான்கு பேருடைய வியாபாரம் போச்சு. ஒரு மேஜைக்கு ஆயிரக்கணக்கில் பில் போடும் ஓட்டல் அந்த நஷ்டத்தை அடுத்த பில்லில் ஈடுகட்டிக்கொள்ளும். இட்லி வடை விற்கிறவருக்கு அது கட்டுப்படியாகாது. அவருடைய லாபம் விலையில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. நாற்காலி ஆறக்கூடாது.

அதனால்தான் இந்த ஓட்டல்களில் விற்பனைக்கு இருப்பது மேஜை அல்ல, நாற்காலி. இரண்டு பேர் சாப்பிடும் நான்கு நாற்காலி மேஜையில் மீதி இரண்டு இடம் வேறு யாருக்கோ சொந்தம். தனியாக வந்தவருக்கு அதிர்ஷ்டம் அதிகம்: நடுவில் ஒரு இடம் காலியானால், முன்னால் நிற்கும் ஐந்து பேர் குடும்பத்தைத் தாண்டி அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்கள். முன்பின் தெரியாத இருவர் எதிரெதிரே அமர்ந்து, சட்னிக் கிண்ணத்தை நகர்த்திக் கொடுத்து, பெயர் கூடக் கேட்காமல் எழுந்து போவது மும்பையில் அன்றாட நிகழ்ச்சி.

இந்த ஏற்பாட்டில் எழுதப்படாத சட்டங்களும் உண்டு. சாப்பிட்டு முடித்த பிறகு அரட்டை கூடாது. பில் வந்ததும் எழுந்துவிட வேண்டும். வாசலில் நிற்பவர்களின் கண்கள் சும்மா இருப்பதில்லை. பந்திக்கு முந்து என்று சொல்லி வளர்ந்தவர்கள்கூட இங்கே வந்ததும் பெயர்ப் பட்டியலுக்குக் கட்டுப்பட்டுவிடுகிறார்கள்.

டோக்கனும் மாதக் கணக்கும்

மாட்டுங்கா ரயில் நிலையத்தை ஒட்டிய மார்க்கெட் கட்டிடத்தின் மாடியில் இருக்கிறது ராமநாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். பிழைப்புத் தேடி இளவயதில் கர்நாடகத்திலிருந்து வந்து, சமையலறையில் எடுபிடியாகத் தொடங்கி முதலாளியானவர் ராமநாயக். 1942இல் அவர் ஆரம்பித்த இந்த இடத்தில் முதலில் பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். பிறகு வாழையிலைச் சாப்பாடு. அளவில்லாத சாதம், சாம்பார், ரசம், மோர்.

பெயரில் இருக்கும் 'போர்டிங்' என்ற சொல் இன்றைய வாடிக்கையாளர்கள் பலருக்குப் புரிவதில்லை. அந்த நாட்களில் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, பம்பாயில் ஓர் அறையைப் பலரோடு பகிர்ந்துகொண்டு வாழ்ந்த தனிக்கட்டை குமாஸ்தாக்களுக்கும் டைப்பிஸ்டுகளுக்கும் வேண்டியிருந்தது தோசை அல்ல, தினமும் இரண்டு வேளை சோறு. அவர்களுக்கு ஓட்டல் என்பது உல்லாசம் அல்ல. சமையலறை இல்லாத வாழ்க்கையின் சமையலறை.

மில் தொழிலாளர்களுக்கு இதே வேலையைச் செய்தவை கானாவள்கள். பரேல், லால்பாக் பகுதிச் சால்களில் பெண்கள் தங்கள் ஒற்றை அறை வீட்டிலேயே பத்துப் பதினைந்து தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு. பணம் சம்பள நாளில். ஒருவகையில் இந்த நகரத்தின் உண்மையான முன்பதிவு அதுதான். மாதம் முழுவதும் அவருக்கென்று ஒரு தட்டு இருந்தது. மளிகைக்காக வட்டிக்குக் கடன் வாங்கி அவதிப்பட்ட அந்தப் பெண்களைத் திரட்டி, வங்கிக் கடன் கிடைக்க வழி செய்வதற்காக 1975இல் பிரேமா புரவ் தொடங்கியதுதான் அன்னபூர்ணா மகிளா மண்டல்.

யார் உட்காரலாம்?

முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்பது இன்று சாதாரண நியாயமாகத் தெரிகிறது. ஆனால் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், யார் சமைத்ததைச் சாப்பிடலாம் என்பதையெல்லாம் ஜாதி தீர்மானித்த நாட்டில், வெளியே சாப்பிடுவதே ஆசாரக் குறைவாகக் கருதப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டப்பாவாலாக்கள் வீட்டுச் சமையலை அலுவலகத்துக்குத் தூக்கிச் செல்லத் தொடங்கியதற்கு, தன் வீட்டுச் சோறுதான் வேண்டும் என்ற இந்த எண்ணமும் ஒரு காரணம். பந்தி பேதம் எவ்வளவு பெரிய புயலைக் கிளப்பும் என்பதைச் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி போட்ட விவகாரத்தில் 1920களிலேயே தமிழகம் பார்த்தது.

பம்பாயில் அந்தக் கட்டுப்பாட்டை மெல்லத் தளர்த்திய இடங்களில் முக்கியமானவை இரானி கடைகள். ஈரானிலிருந்து வந்து குடியேறிய இவர்களுக்கு இந்து ஜாதிகளின் சமையலறை விதிகள் பொருட்டல்ல. மூலைக் கடை ஆகாது என்று மற்ற வியாபாரிகள் ஒதுங்கிய தெருமுனைகளை இவர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. சலவைக்கல் மேஜை, வளைந்த மரநாற்காலி, ஒரு கப் டீ, ஒரு பன் மஸ்கா. காசு கொடுத்தவர் உட்காரலாம்.

இதையும் மிகைப்படுத்திவிடக்கூடாது. 1917இல் பரோடா சமஸ்தானத்தில் பணியில் சேரப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிவு செய்துகொண்டு தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடிகளோடு வந்த பார்சிகள் கூட்டம் அவரை வெளியேற்றியது. இதை அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளின் தலைப்புக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பொருள். வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர் சொந்த நாட்டில் ஓர் அறைக்கு அனுமதி கேட்டு நின்ற கதை அது.

1950 ஜனவரி 26இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள் ஆகியவற்றில் மதம், இனம், ஜாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் அடிப்படையில் மட்டும் யாரையும் தடுக்கக்கூடாது என்று பெயர் குறிப்பிட்டே சொல்கிறது. நாட்டின் தலையாய சட்டத்தில் ஓட்டலுக்கு இடம் கிடைத்தது தற்செயல் அல்ல. மீறினால் தண்டனை என்று 1955இல் தனிச் சட்டமும் வந்தது. ஆக, வாசலில் வாடிக்கையாளரைக் கேட்பது பெயரும் எண்ணிக்கையும் மட்டுமே என்ற நிலைமை தானாக வந்துவிடவில்லை.

பிறந்த இடத்தின் பெயரால் வந்த சோதனையையும் மும்பை ஓட்டல்கள் சந்தித்தன. 1966இல் சிவசேனை தோன்றி, தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கோஷம் எழுப்பிய காலத்தில் உடுப்பி ஓட்டல்கள் கல்வீச்சுக்கு இலக்காயின. ஓட்டல்கள் தப்பின. இட்லியும் சாம்பாரும் மராட்டியர்களின் காலைப் பலகாரமாகவே ஆகிவிட்டன.

காலடி வலி

வரிசை எல்லோரையும் சமமாக நடத்துகிறது என்பது முழு உண்மை அல்ல. முக்கால் மணி நேரம் நிற்பது இருபது வயதுக்காரருக்கு ஒன்று, முழங்கால் வலிக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கு வேறு. கைக்குழந்தைக்காரிக்கும் ஊன்றுகோலோடு வருபவருக்கும் நடைபாதையில் உட்கார ஒரு பெஞ்சு இருந்தாலே பெரிய உபகாரம். மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவருக்கோ காத்திருக்கும் நேரமும் காசுதான். அவர் இந்த வரிசைக்கே வருவதில்லை. தெருவோர வடா பாவோடு நடையைக் கட்டிவிடுகிறார்.

வரிசையைத் தவிர்க்க வழிகளும் வந்துவிட்டன. செல்போனில் ஆர்டர் கொடுத்தால் வீட்டுக்கே தோசை வருகிறது. ஆனால் அரை மணி நேரம் பொட்டலத்தில் புழுங்கிய தோசை என்னவாகும் என்பது தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரானி கடைகள் இன்னொரு வகையில் வரிசையை இழந்துகொண்டிருக்கின்றன. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தவை இன்று சில டஜன்களாகக் குறுகிவிட்டன. தோபி தலாவில் புகழ்பெற்றிருந்த பஸ்தானி 2004இல் மூடப்பட்டது. ஒரு கப் டீயில் கிடைக்கும் லாபம் தெருமுனை நிலத்தின் விலையோடு போட்டியிட முடியாது. அடுத்த தலைமுறைக்கும் கல்லாவில் உட்கார விருப்பமில்லை.

மில் பகுதியில் நடந்தது இதைவிடப் பெரிய மாற்றம். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சம்பள நாளே இல்லாமல் போனபின் கானாவள்களின் மாதக் கணக்கு என்னவாகும்? ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு பல வீடுகளின் அடுப்பும் அணைந்தது.

இன்று லோயர் பரேலில் பீனிக்ஸ் மில், கமலா மில் வளாகங்களில் தறிகளுக்குப் பதில் கடைகளும் அலுவலகங்களும் பளபளக்கும் ரெஸ்டாரண்ட்களும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் சனிக்கிழமை இரவு இடம் வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சில இடங்களில் முன்பணமும் கட்ட வேண்டும். வாசலில் யாரும் ஜாதி கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமுமில்லை. விலைப்பட்டியலே ஆளைப் பிரித்துவிடுகிறது. மாதம் முழுவதும் தொழிலாளிக்கென்று ஒரு தட்டு காத்திருந்த அதே வட்டாரத்தில், இப்போது பதிவு செய்தவருக்காக ஒரு மேஜை காலியாகக் காத்திருக்கிறது.