கடைக்கு சாஃப்ட்வேர் எழுதச் சொல்லும் முன்...

2025ஆம் ஆண்டு செப்டம்பரும் அக்டோபரும் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு அடுத்தடுத்து இரண்டு வேலைகளைக் கொடுத்தன. செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. பிஸ்கட், சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் ஆகியவை 18 சதவீதத்திலிருந்தும், நெய், வெண்ணெய் 12 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதத்துக்கு வந்தன. அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. வேலூர் மண்டித் தெருவிலும் லாங் பஜாரிலும், ஆம்பூர், வாணியம்பாடி கடைத்தெருக்களிலும் அப்போது எழுந்த கேள்வி இன்னும் ஓயவில்லை. இருக்கிற பில் சாஃப்ட்வேரையே வைத்துக்கொள்வதா, புதிதாக ஒன்றை எழுதச் சொல்வதா?

நம் வணிகக் குடும்பங்களில் பொறியியல் படித்த பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். "நானே எழுதித் தருகிறேன்" என்று முன்வருகிறார்கள். இது வரவேற்க வேண்டியது. ஆனால் எந்தக் கருவியில் எழுதுவது என்ற முடிவை அவர்களே எடுத்துவிடுகிறார்கள். கேட்டால், "அது டெக்னிக்கல் விஷயம்" என்கிறார்கள். கொத்தனார் வேலை தெரியாவிட்டாலும் வீடு கட்டும்போது என்ன கம்பி, என்ன சிமெண்ட் என்று நாம் விசாரிக்கத்தான் செய்கிறோம். கடைக் கணக்குக்கும் அந்த விசாரணை தேவை. சாஃப்ட்வேரின் ஆயுள், அது எழுதப்பட்ட கருவியின் ஆயுளைப் பொறுத்தது. நம்முடைய பாக்கிப் பட்டியலும் இருப்புக் கணக்கும் அதற்குள்தான் இருக்கின்றன.

பழைய அனுபவம்

1990களில் நம் பகுதிக் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது டிபேஸ், கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ ஆகிய கருவிகளில்தான் பில் புரோகிராம்களைப் பெரும்பாலும் எழுதினார்கள். டிபேஸ் 1991இல் போர்லண்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஃபாக்ஸ்புரோவை 1992இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2007இல் இனிப் புதிய பதிப்பு வராது என்று அறிவித்து, 2015 ஜனவரியோடு ஆதரவையும் நிறுத்திக்கொண்டது. 1998இல் வெளியான விஷுவல் பேசிக் 6, ஊருக்கு ஊர் புரோகிராம் எழுதுபவர்களை உருவாக்கியது. அந்தக் கருவிக்கான ஆதரவு 2008 ஏப்ரலில் முடிந்தது. அதில் எழுதிய புரோகிராம்கள் பல இன்றும் ஓடுகின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றைத் திருத்தத் தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள்.

டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம்களின் நிலை இன்னும் மோசம். 64 பிட் விண்டோஸில் அவை நேரடியாக ஓடா. விண்டோஸ் 11 அந்த 64 பிட் வகையில் மட்டுமே வருகிறது. பழைய கம்ப்யூட்டர் பழுதாகும் வரை ஓடிக்கொண்டிருந்த கணக்கு, புதிய கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே நின்றுபோவதற்கு இதுதான் காரணம்.

நமக்குத் தெரிந்த ஒரு மொத்த மளிகைக் கடையில், புரோகிராம் எழுதியவர் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். மூல நிரலும் கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டன. கம்ப்யூட்டரில் இருந்த பாக்கிக் கணக்கை வேறு எதிலும் எடுக்க முடியவில்லை. அச்சடித்து வைத்திருந்த பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கையால் மறுபடி ஏற்றினார்கள். பட்டியலில் ஏறாமல் போன கடைசி வாரத்துப் பாக்கிக்கு வாடிக்கையாளர் சொன்னதுதான் கணக்கு.

வாங்குவதா, எழுதுவதா?

1980களில் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வணிகர், ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிப் பாகங்களும் கொடுத்து வந்தார். தம் கணக்கைப் பார்க்கச் சரியான சாஃப்ட்வேர் கிடைக்காததால், கணிதம் படித்த தம் மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். அதிலிருந்து பிறந்ததுதான் டேலி. நிறுவனம் தொடங்கியது 1986இல். பரத் கோயங்காவுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தந்தை கேட்டு மகன் எழுதிய புரோகிராம் நிலைத்ததற்குக் காரணம், அதை ஒரே தடவை எழுதிவிட்டு விட்டுவிடவில்லை என்பதுதான். டாஸிலிருந்து விண்டோஸுக்கும், பிறகு ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் பழைய கணக்கைத் தூக்கிக்கொண்டு வர வழி செய்தார்கள். விற்பனை வரி போய் 2007 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் வாட் வந்தபோதும், 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோதும் அதற்கேற்ப மாற்றினார்கள். அதற்கென்று சம்பளம் வாங்கும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள்.

சாதாரண மளிகைக் கடைக்குத் தனியாக எழுதச் சொல்லத் தேவையே இல்லை என்பது நம் கருத்து. கடையில் ஓடும் தயார் சாஃப்ட்வேர் போதும். கமிஷன், சிப்பக் கணக்கு, வண்டி வாடகை, தரகு, வாரத் தவணைப் பாக்கி என்று தனி வழக்கங்கள் உள்ள மொத்தக் கடைகளுக்குத்தான் சொந்தமாக எழுதும் யோசனை பொருந்தும். அவர்களும் வரிக் கணக்கை ஆடிட்டருக்குப் பழக்கமான சாஃப்ட்வேரில் வைத்துக்கொண்டு, தங்களுக்கே உரிய வேலையை மட்டும் தனியாக எழுதச் சொல்வது நல்லது.

மேசைக் கம்ப்யூட்டருக்கு எந்தக் கருவி?

எழுதுவது என்று முடிவானால், இன்று எழுதித் தருபவர்கள் சொல்லும் பெயர்கள் பெரும்பாலும் இவைதான்.

டாட் நெட்: மைக்ரோசாஃப்ட் 2002இல் கொண்டுவந்தது. விண்டோஸ் கடைகளுக்கு நன்கு பொருந்தும். பிரிண்டர், தராசு, பார்கோடு கருவிகளை இணைப்பது எளிது. தெரிந்தவர்கள் எந்த ஊரிலும் கிடைப்பார்கள். புதிய டாட் நெட்டில் நீண்ட கால ஆதரவுப் பதிப்புக்கே மூன்று ஆண்டுதான் ஆயுள். ஆகவே மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதிய பதிப்புக்கு மாற்றித் தர எவ்வளவு கூலி என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

எலக்ட்ரான்: 2013இல் தொடங்கியது. இணையப் பக்கம் எழுதத் தெரிந்தவர்கள் இதில் விரைவாக எழுதிவிடுவார்கள். பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு முழு பிரௌசரைத் தன்னோடு சுமந்து வருகிறது. 4 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய கம்ப்யூட்டரில், கூட்டம் நிற்கும் மாலை நேரத்தில் இது திணறும்.

ஃபிளட்டர்: கூகுள் நிறுவனத்தினுடையது. முதலில் செல்போனுக்காக வந்தது, 2022இல் விண்டோஸுக்கும் நிலையான பதிப்பு வந்தது. ஆர்டர் எடுக்கப் போகும் பையனின் போனிலும் கடைக் கம்ப்யூட்டரிலும் ஒரே புரோகிராம் வேண்டும் என்பவர்களுக்கு ஏற்றது.

கியூ.டி.: நார்வே நாட்டில் பிறந்து 1995 முதல் புழக்கத்தில் இருக்கிறது. மேசைக் கம்ப்யூட்டர், கார் திரை, தொழிற்சாலை இயந்திரத் திரை என்று எல்லாவற்றிலும் ஓடும். வேகமானது. இலவச உரிமமும் உண்டு, கட்டண உரிமமும் உண்டு. இலவச உரிமத்துக்கு நிபந்தனைகள் இருப்பதால், எந்த உரிமத்தில் எழுதுகிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இதில் தேர்ந்தவர்கள் சிற்றூர்களில் குறைவு.

திரையை வரையும் கருவியைவிட, கணக்கைச் சேமிக்கும் இடம் முக்கியம். அக்சஸ் கோப்பு 2 ஜி.பி.க்கு மேல் வளராது. ஒரே கம்ப்யூட்டர் உள்ள கடைக்கு எஸ்கியூலைட் போதும். 2000இல் வந்த இது யாருக்கும் காசு கொடுக்க வேண்டாதது. கணக்கு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும், பென் டிரைவில் நகல் எடுத்துவிடலாம். 2050 வரை பராமரிக்கப் போவதாக அதை உருவாக்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான்கைந்து கவுண்ட்டர்கள் ஒரே நேரத்தில் பில் போடும் கடைக்கு அது பொருந்தாது. அங்கே போஸ்ட்கிரெஸ் போன்ற இலவச டேட்டாபேஸ் வேண்டும்.

தமிழில் பில்

சரக்குப் பெயர் தமிழில் இருந்தால் வாடிக்கையாளர் கடையிலேயே சரிபார்த்துவிடுவார், தகராறு வராது. ஆனால் பழைய புரோகிராம்கள் அந்தந்த எழுத்துருவுக்கு உரிய குறியீட்டில் பெயர்களைச் சேமித்தன. வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றினால் துவரம் பருப்பு புரியாத எழுத்துக் குவியலாகிவிடும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. இனி எழுதும் எதுவும் யூனிகோடில்தான் இருக்க வேண்டும். இன்னொன்று, மலிவான தெர்மல் பிரிண்டர்களுக்குள் பொதுவாகத் தமிழ் எழுத்து கிடையாது. பில்லைப் படமாக மாற்றி அனுப்பினால்தான் "கொ", "கௌ" எல்லாம் சரியாக விழும். மாதிரி பில் ஒன்றை நம் பிரிண்டரிலேயே அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

தராசுக்குள் இருக்கும் புரோகிராம்

எலக்ட்ரானிக் தராசுக்குள்ளும் ஒரு சிறு கம்ப்யூட்டர் இருக்கிறது. சரக்கின் பாரத்தில் உள்ளே இருக்கும் உலோகத் துண்டு மயிரிழை அளவு வளைகிறது. அந்த வளைவை மின் அளவாக மாற்றி, ஒரு சில்லு எண்ணாகக் காட்டுகிறது. இந்தச் சில்லுகளுக்குப் பெரும்பாலும் சி மொழியில் எழுதுகிறார்கள். மின்சாரம் போய் வந்தால் மறு நொடியே வேலைக்குத் தயாராகிவிடும்.

படித்த பிள்ளைகள் அர்டுயினோ, ராஸ்பெர்ரி பை போன்ற சிறு பலகைகளை வாங்கி, தராசையே தாங்கள் செய்து தருவதாகச் சொல்வது உண்டு. கற்றுக்கொள்ள அவை நல்லவை. ஆனால் வியாபாரத் தராசு சட்டத்துக்கு உட்பட்டது. 2009ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி தராசின் மாதிரிக்கு மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். செய்பவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை முத்திரை வேண்டும். முத்திரையை உடைத்து உள்ளே கை வைத்தால், வழக்கு கடைக்காரர் மேல்தான் வரும். ஆகவே தராசைத் தொடாமல், அதன் பின்புறமுள்ள ஆர்.எஸ்.232 இணைப்பிலிருந்து எடையைப் படித்துக்கொள்ளும் புரோகிராம் மட்டும் எழுதச் சொல்லுங்கள். ராஸ்பெர்ரி பை வைத்து விலைப் பலகை செய்தாலும் ஒரு எச்சரிக்கை. மின்சாரம் திடீரென்று போனால் அதன் நினைவட்டை கெடக்கூடும். கணக்கை அதில் வைக்கக் கூடாது.

இந்தப் பாடத்தை நம் பகுதித் தோல் வியாபாரிகள் முன்பே கற்றிருக்கிறார்கள். பதப்படுத்திய தோல் சதுர அடிக் கணக்கில் விற்கிறது. முன்பு ஊசிச் சக்கரம் வைத்த மிஷினில் அளந்தார்கள். பின்னர் ஒளி உணரிகள் வரிசையாக வைத்த எலக்ட்ரானிக் மிஷின்கள் வந்தன. தோலுக்குக் கால் சதுர அடி வித்தியாசம் வந்தால், 1000 தோலில் 250 சதுர அடி போய்விடும். அதனால்தான், அளப்பதை மிஷினும் கணக்குப் போடுவதை மேசைக் கம்ப்யூட்டரும் செய்வது பாதுகாப்பானது. நமக்கும் அதுவே முறை. எடை தராசில் இருக்கட்டும். விலையும் வரியும் கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.

எழுதித் தருபவரிடம் கேட்க வேண்டியவை

1. எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு வரை அதற்கு ஆதரவு?

2. மூல நிரலும் கடவுச்சொற்களும் நம் கைக்கு வருமா? வேலை முடிந்த பிறகு தருகிறேன் என்றால், கடைசித் தவணைப் பணத்தையும் அப்போதே கொடுங்கள்.

3. கணக்கு முழுவதையும் எக்ஸலில் எடுக்க முடியுமா? முதல் மாதத்திலேயே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

4. வரி விகிதத்தை நாமே மாற்ற முடியுமா? தேதி வாரியாக மாற்ற முடிய வேண்டும். செப்டம்பர் 21ஆம் தேதி பில்லைத் திருப்பி எடுத்தால் பழைய விகிதம்தான் வர வேண்டும். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள, லேபிள் ஒட்டிய அரிசிப் பைக்கு 5 சதவீதம் என்றும், அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு வரி இல்லை என்றும் வந்ததை நினைவில் கொள்ளுங்கள். சரக்கின் பெயரை மட்டும் வைத்து வரி போடும் புரோகிராம் அன்று உதவவில்லை.

5. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டினால் ஈ-இன்வாய்ஸ் போட முடியுமா? 2023 ஆகஸ்ட் முதல் தேதி முதல் அது கட்டாயம்.

6. நெட் இல்லாதபோது பில் போடுமா?

7. இதே கருவி தெரிந்த இன்னொருவர் நம் வட்டாரத்தில் இருக்கிறாரா? இல்லையென்றால், அந்தக் கருவி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் வேண்டாம்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். அதாவது, இன்று எழுதும் புரோகிராமின் கணக்கை ஆறு ஆண்டுக்கு மேலும் திறந்து காட்ட முடிய வேண்டும். இந்த ஏழு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, பதிலையும் கையெழுத்தையும் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள். எழுதுபவர் சொந்தப் பிள்ளையாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். நாளை அவருக்கு வெளியூரில் நல்ல வேலை கிடைத்தால் மனநிறைவோடு அனுப்பிவைக்கவும் அந்தத் தாள் உதவும்.