மலைக்கு பாஸ் கிடைக்கலையா? அடிவாரத்துக்கே ஒரு நாள் போய் வரலாம்!

சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டு நேரத்தில்தான் பெரும்பாலும் அந்தக் கேள்வி வரும்: "நாளைக்கு ஊட்டி போலாமா?" உடனே எல்லோரும் உற்சாகமாகிவிடுவார்கள். போனை எடுத்து இ-பாஸ் இணையதளத்தைத் திறந்தால், அந்தத் தேதிக்கான ஒதுக்கீடு முடிந்திருக்கும்.

கோடை விடுமுறையில் எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. சென்னையிலிருந்து கோவைக்கு வந்திருந்த சித்தி குடும்பத்துக்கு முகமே வாடிப்போச்சு. "சரி, மலை ஏற முடியலைன்னா என்ன? மலையடிவாரம் வரைக்குமாவது போயிட்டு வருவோம்" என்று அப்பா சொன்னார். மேட்டுப்பாளையம் போனோம். அந்த ஒரு நாளில் பார்த்ததையும் கற்றுக்கொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

இ-பாஸ் யாருக்கு வேண்டும்?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரி மாவட்டத்துக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடை சீசனில் வாகனங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்துள்ளது.

இங்கே பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. மேட்டுப்பாளையம் கோவை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே போக எந்தப் பாஸும் வேண்டாம். குன்னூர் சாலையில் கல்லாறு, கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனை ஆகிய சோதனைச் சாவடிகளைத் தாண்டி மலை ஏறும் வாகனங்களுக்குத்தான் பாஸ் தேவை. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ மலைக்குப் போகிறவர்களுக்கும் இ-பாஸ் தேவையில்லை.

சொந்த வாகனத்தில் மலை ஏறுவதாக இருந்தால், தமிழ்நாடு மின்னாளுமை முகமையின் இ-பாஸ் இணையதளத்தில் போன் எண்ணைப் பதிவிடுங்கள். வருகிற ஓடிபி-யை உள்ளிட்ட பிறகு பெயர், வாகன எண், பயணிகள் எண்ணிக்கை, போகும் நாள், திரும்பும் நாள், தங்கும் இடம் ஆகியவற்றைக் கொடுத்தால் க்யூஆர் குறியீட்டுடன் பாஸ் வந்துவிடும். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. "இருநூறு ரூபா கொடுங்க, பாஸ் எடுத்துத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கோவையிலிருந்து எப்படிப் போவது?

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 35 கிலோமீட்டர். கோவை ஜங்ஷனிலிருந்து துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை வழியாகப் பயணிகள் ரயில் ஓடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம், சாலை நெரிசலும் கிடையாது. முன்பதிவில்லாத டிக்கெட்டைப் போனிலேயே ரயில்ஒன் செயலியில் எடுத்துக்கொள்ளலாம். வார நாள் நேரமும் ஞாயிற்றுக்கிழமை நேரமும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். முந்தின நாளே நேரத்தைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. ரயில் ஒத்துவரவில்லை என்றால் கோவை மேட்டுப்பாளையம் சாலை பேருந்து நிலையத்திலிருந்து பஸ் இருக்கிறது.

அடிவாரத்தில் என்ன இருக்கு?

முதலில் மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் ஓடத் தொடங்கிய ரயில் இது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. ஊட்டி வரை 46 கிலோமீட்டர் பாதை, 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். சீசனில் டிக்கெட் கிடைப்பது கஷ்டம். டிக்கெட் இல்லையென்றால் என்ன, காலை 7.10-க்குக் கிளம்புகிற ரயிலை வேடிக்கை பார்க்கலாமே! ஒரு பிளாட்பார டிக்கெட் போதும். எஞ்சின் முன்னால் நின்று இழுக்காமல், பின்னால் நின்று தள்ளுவதைக் கவனியுங்கள். செங்குத்தான ஏற்றத்தில் பெட்டிகள் பின்னோக்கி உருண்டுவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே ஏறும். இதைச் சொன்னதும் என் சித்தி பையன் எஞ்சினை விட்டு நகரவே இல்லை.

அடுத்து சந்தை. நீலகிரியில் விளையும் உருளைக்கிழங்கு ஏலத்துக்கு வந்து சேரும் மண்டிகள் மேட்டுப்பாளையத்தில்தான் இருக்கின்றன. ஊரைச் சுற்றிப் பாக்குத் தோப்பு, வாழைத் தோட்டம். கோடையிலும் அதை அடுத்த மாதங்களிலும் கல்லாறு, பர்லியார் பக்கம் விளையும் மங்குஸ்தானும் பலாவும் விற்பனைக்கு வரும்.

திரும்பும் வழியில் காரமடையில் இறங்கினால் அரங்கநாதர் கோயில். மாசி மகத் தேரோட்டத்துக்குப் பேர்போன ஊர். கைத்தறிப் பட்டுப்புடவை பார்க்க ஆசை இருந்தால் சிறுமுகைக்கு ஒரு நடை போகலாம்.

வெயில் அடிக்கும்போதும் ஆறு பெருகும்

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அன்று வனபத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, பக்கத்தில் பவானி ஆற்றங்கரைக்கு வந்தோம். நல்ல வெயில். தண்ணீர் முழங்கால் அளவுதான் தெரிந்தது. நடுவில் ஒரு பாறை. அதில் ஏறி நின்று போட்டோ எடுக்கலாம் என்று சித்தி பையன்கள் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். கரையில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த அம்மா சத்தம் போட்டார்: "தம்பி, இறங்காதீங்க! மேல தண்ணி திறந்துட்டாங்கன்னா ஏறி வர நேரம் இருக்காது."

எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. மேகமே இல்லாத வானத்தில் எங்கிருந்து தண்ணீர் வரும்? ஆனாலும் பெரியவர் பேச்சுக்கு மரியாதை கொடுத்துக் கரையிலேயே உட்கார்ந்தோம். இளநீர் குடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் தண்ணீரின் நிறம் மாறியது, வேகமும் கூடியது. கிளம்பும்போது திரும்பிப் பார்த்தால் அந்தப் பாறையைக் காணோம். சித்தி வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னவன் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்.

இதற்குக் காரணம் மேலே இருக்கும் பில்லூர் அணை. நீலகிரியிலும் கேரளத்தின் அட்டப்பாடி பக்கமும் பெய்யும் மழை பவானி வழியாக இந்த அணைக்கு வருகிறது. அணையின் மொத்த உயரம் 100 அடி. நீர்மட்டம் 97 அடியைத் தொட்டதும் பாதுகாப்புக்காக உபரி நீர் ஆற்றில் திறந்துவிடப்படும். மழை இல்லாத நாளிலும், மின் உற்பத்திக்காக அணையிலிருந்து விடப்படும் தண்ணீர் இதே ஆற்றில்தான் வருகிறது. அதனால் மேட்டுப்பாளையத்தில் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் ஆறு திடீரென்று உயரும்.

இது தெரியாமல் இறங்கி உயிரை விட்டவர்களில் வெளியூரிலிருந்து வந்த இளைஞர்களும் மாணவர்களும் இருக்கிறார்கள். நீச்சல் தெரியும் என்ற தைரியம் இங்கே உதவாது. சுழல், வழுக்குப் பாறை, ஆழமான பள்ளம் எல்லாம் மேலிருந்து பார்த்தால் தெரியாது.

ஆகவே:

* எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீரில்கூட இறங்க வேண்டாம்.
* ஆற்றின் நடுப் பாறையில் உட்காருவது, செல்ஃபி எடுப்பது கூடவே கூடாது.
* சைரன், ஒலிபெருக்கி அறிவிப்பு கேட்டால் துணி, செருப்பு, பை எதையும் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு வந்துவிடுங்கள்.
* தண்ணீர் கலங்கினால், குப்பை மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் அறிவிப்புக்காகக் காத்திருக்காதீர்கள்.
* யாராவது அடித்துச் செல்லப்பட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறு, வேட்டி, துப்பட்டா, காலி பிளாஸ்டிக் குடம் என்று கையில் கிடைப்பதை அவர்களிடம் எறிந்துவிட்டு உடனே 112-க்கோ 101-க்கோ அழையுங்கள்.
* உள்ளூர்க்காரர் "வேண்டாம்" என்றால், வேண்டாம்தான்.

யானைக்கு வழி விடுங்க

கல்லாறு பகுதி யானைகள் காலங்காலமாக நடந்து போகும் வழித்தடம். குன்னூர் சாலையையும் கோத்தகிரி சாலையையும் அவை கடந்துதான் போக வேண்டும். பலாப்பழ சீசனில் பர்லியார் பக்கம் அவற்றின் நடமாட்டம் இன்னும் அதிகம்.

யானையைப் பார்த்தால் தூரத்திலேயே வண்டியை நிறுத்திவிடுங்கள். ஹாரன் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம், கீழே இறங்கவே வேண்டாம். அது கடந்து போகும் வரை காத்திருப்பதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. குரங்குகளுக்குச் சிப்ஸ், பிஸ்கட் கொடுப்பதும் தவறு. ஒருமுறை பழகிவிட்டால் அவை ரோட்டோரத்திலேயே காத்திருந்து வண்டியில் அடிபடுகின்றன.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் முழுவதும் தடை இருக்கிறது. ஒரு மஞ்சப்பை, வீட்டிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் போனில் ஐந்து நிமிடம்

1. டிஎன்-அலர்ட் செயலியில் கோவைக்கு மட்டுமின்றி நீலகிரிக்கும் மழை எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பெய்யும் மழைதான் இங்கே ஆறாக வரும்.
2. காவல் உதவி செயலியைத் தரவிறக்கிப் பதிவு செய்துவையுங்கள். அவசர நேரத்தில் ஒரே பொத்தானில் காவல்துறைக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரியவரும்.
3. ஓட்டுநர் உரிமமும் ஆர்சி புத்தகமும் டிஜிலாக்கரில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.
4. மலை ஏறுவதாக இருந்தால் இ-பாஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். சீசன் நேரத்தில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் போக்குவரத்து நடைமுறையில் இருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.
5. இந்த எண்களைச் சேமித்துக்கொள்ளுங்கள்: அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு மற்றும் மீட்பு 101, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, பெண்கள் உதவி மையம் 181.

சித்தி குடும்பம் சென்னைக்குத் திரும்பும்போது ஒரு பை நிறைய மங்குஸ்தான் கொண்டு போனார்கள். அடுத்த முறை முன்கூட்டியே இ-பாஸ் எடுத்து ஊட்டிக்குப் போவதாகத் திட்டம். ஆனால் மேட்டுப்பாளையத்தில் அரை நாள் கட்டாயம் வேண்டுமாம். சின்னவனுக்கு அந்த எஞ்சினை மறுபடியும் பார்க்கணும். சித்திக்கு அந்த இளநீர் அம்மாவைப் பார்த்து ஒரு நன்றி சொல்லணும்.

இந்த வாரம் நீங்கள் கிளம்புவதாக இருந்தால், மேலே சொன்ன ஐந்தையும் இன்றைக்கே முடித்துவிடுங்கள். உங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் ஆற்றைப் பற்றிய அந்தப் பகுதியை ஒருமுறை பகிருங்கள்.