‘உங்கள் பொருள் போலி’ என்று அறிவித்தல் வந்தால்

மூதூரில் இருந்து திருகோணமலைக்குப் போக லோஞ்சையும் பாதையையும் நம்பியிருந்த காலத்தில், கிளிவெட்டியில் இருந்துகொண்டு கொழும்புக்கு உடுப்பு விற்பதை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. ஏ-15 வீதியும் சீரானது. இன்று கூரியர்காரர் வாசலில் வந்து பொதியை எடுத்துப் போகிறார். ஒரு போன், கொஞ்ச முதல், புறக்கோட்டையில் தெரிந்த ஒரு மொத்தக் கடை. இவ்வளவும் இருந்தால் டராஸிலோ பேஸ்புக்கிலோ கடை திறந்துவிடலாம்.

அப்படித் திறந்த கடையை ஒரே மின்னஞ்சலில் மூடவும் முடியும். ‘இன்ன நிறுவனத்தின் வியாபாரக் குறியை மீறிய போலிப் பொருளை விற்கிறீர்கள் என்று முறைப்பாடு கிடைத்துள்ளது. பொருள் நீக்கப்படுகிறது.’ சில வேளைகளில் அதோடு வரவேண்டிய காசும் நிறுத்தி வைக்கப்படும். விற்றவர் உண்மையிலேயே கொப்பி விற்றாரா, அசலைத்தான் விற்றாரா என்பதை அந்த நேரத்தில் யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பொருளை ஒருவரும் கையால் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏன் இப்படி? இதற்கான காரணத்தைத் தேடினால் நியூயோர்க் வரை போகவேண்டும். டிஃபனி என்ற நகை நிறுவனம், தன் பெயரில் போலி வெள்ளி நகைகள் இபேயில் விற்கப்படுகின்றன என்று 2004இல் வழக்குப் போட்டது. 2010இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இபேயின் பக்கம் நின்றது. தளத்தில் எங்கோ போலி இருக்கிறது என்று பொதுவாகத் தெரிந்திருப்பது மட்டும் குற்றமாகாது. இன்ன விளம்பரம் போலி என்று குறித்துச் சொன்ன பிறகும் அதை விட்டு வைத்தால்தான் பொறுப்பு வரும் என்றது. முறைப்பாடு வந்ததும் விளம்பரங்களை நீக்கும் ஏற்பாட்டை இபே வைத்திருந்ததே அதைக் காப்பாற்றியது. பெரிய தளங்கள் எல்லாம் இன்று நடப்பது இந்த வழியில்தான்: முதலில் நீக்கு, பிறகு கேள். தளத்துக்கு அது பாதுகாப்பு. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கான விலையைக் கொடுப்பவர் சிறு விற்பனையாளர். இது நியாயமான பங்கீடு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அறிவித்தல் வந்ததும் பதறிப்போய் மன்னிப்புக் கடிதம் எழுதுவதற்கு முன்னால், எதைப் போலி என்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு சங்கதிகளைப் போட்டு மூடிவிடுகிறார்கள்.

முதலாவது, நிஜமான கொப்பி. சந்தையில் ‘ஏ கிரேட்’, ‘மாஸ்டர் கொப்பி’ என்று சொல்லியே விற்கிறார்கள். வாங்குபவருக்கு உண்மையைச் சொல்லித்தான் விற்றேன் என்பது இங்கே எடுபடாது. குறி வேறொருவருடையது, அவருடைய அனுமதி இல்லை, அவ்வளவுதான். இதை விற்காமல் இருப்பதைத் தவிர வேறு பரிகாரம் கிடையாது.

இரண்டாவது, அசல் பொருள், ஆனால் வேறு வழியாக வந்தது. டுபாயிலோ சிங்கப்பூரிலோ வாங்கிய உண்மையான பொருளை, நாட்டில் உள்ள ஏக முகவர் ‘போலி’ என்று முறையிடுவதுண்டு. இந்தியாவில் சாம்சங் நிறுவனத்துக்கும் கபில் வாத்வாவுக்கும் நடந்த வழக்கு இதைப் பற்றியதுதான். வெளிநாட்டுச் சந்தைக்காகச் செய்த அசல் பிரிண்டர்களை அவர் இறக்குமதி செய்து விற்றார். 2012 ஒக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அதை அனுமதித்தது. ஆனால் நிபந்தனை விதித்தது: இது இறக்குமதிப் பொருள், சாம்சங் வொரண்டி தராது, வொரண்டி என்னுடையது என்று வாங்குபவருக்குத் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும். சாம்சங்கின் இணையப் பக்கத்தைத் தன் பக்கத்தோடு இணைத்துக் காட்டவும் கூடாது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. சட்டப்படி இறக்குமதியாகி, எந்த மாற்றமும் செய்யப்படாத பொருளை அந்தக் குறியோடு விற்பதைக் குறியின் சொந்தக்காரர் தடுக்க முடியாது. ‘சட்டப்படி’ என்பதைக் கவனியுங்கள். சுங்கத்தில் வியாபாரப் பொருளாகக் காட்டாமல் பயணப் பொதிக்குள் வைத்துக் கொண்டுவந்த பத்து வாசனைப் போத்தல்களுக்கு இந்த இடம் கிடைப்பது கஷ்டம்.

மூன்றாவது நம் நாட்டில் சகஜமானது: ஏற்றுமதி மிச்சம். எம்.ஏ.எஸ்., பிராண்டிக்ஸ் போன்ற நிறுவனங்கள் உலகப் பெயர் பெற்ற நிறுவனங்களுக்கு ஆடை தைத்துக் கொடுக்கின்றன. ஓடருக்கு மேல் தைத்தவையும், சிறு பழுதுக்காகக் கழித்தவையும் உள்ளூர்ச் சந்தைக்கு வருவது நெடுங்காலப் பழக்கம். ஒடெல் கடையின் நிறுவனர் ஒட்டாரா குணவர்தன, தொடக்கத்தில் இப்படிப்பட்ட மிச்ச உடுப்புகளைக் காரின் டிக்கியில் வைத்து விற்றவர்தான். துணி அதே துணி, தையல் அதே தையல், தைத்த கைகளும் நம் பெண்களின் கைகள்தான். ஆனால் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பாருங்கள். பெயர்த் துண்டு பாதியில் வெட்டப்பட்டிருக்கும், அல்லது மையால் கோடு கீறியிருக்கும். இந்தப் பெயரில் இது விற்பனைக்கு அல்ல என்பதற்கான அடையாளம் அது.

இதைக் கொப்பியோடு சேர்த்துப் போலி என்று சொல்வது உண்மைக்குப் புறம்பானது. அதே நேரம், துண்டு வெட்டிய சட்டையை ‘மாற்றம் செய்யப்படாத பொருள்’ என்று வாதாடுவதும் சுலபமல்ல. ஆகவே என் யோசனை இது: விளம்பரத் தலைப்பில் அந்தப் பெரிய பெயரைப் போடாதீர்கள். ‘ஏற்றுமதி மிச்சம், பருத்தி, இன்ன அளவு’ என்று எழுதுங்கள். தேடுபவர்கள் குறைவார்கள், விற்பனையும் கொஞ்சம் குறையும். ஆனால் பெரும்பாலான முறைப்பாடுகள் தலைப்பில் இருக்கும் பெயரைத் தேடிப் பிடித்துத்தான் வருகின்றன. நிறுவனத்தின் சொந்தப் படங்களை எடுத்துப் போடுவதும் அப்படியே. படத்துக்கு வேறாகப் பதிப்புரிமை உண்டு. வீட்டு முற்றத்து வெளிச்சத்தில் நீங்கள் எடுத்த படமே உங்களுக்குப் பாதுகாப்பு.

இனி, தெரியாமல் கொப்பியை வாங்கி விற்றுவிட்டவரின் நிலை. சட்டம் கடுமையானது, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டப்பணம், சிறைத்தண்டனையும் உண்டு. ஆனாலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. தகுந்த முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தேன், சந்தேகப்பட எனக்குக் காரணம் இருக்கவில்லை, கேட்டதும் யாரிடம் வாங்கினேன் என்ற விபரத்தைக் கொடுத்தேன் என்று காட்டக்கூடியவர் தப்பலாம். இந்தியாவின் 1999ஆம் ஆண்டு வியாபாரக் குறிச் சட்டத்திலும் இதே ஏற்பாடு இருக்கிறது. யாரிடம் வாங்கினேன் என்பதை வாயால் சொன்னால் போதாது. பில் வேண்டும்.

இங்கேதான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மொத்தக் கடையில் தருவது பல நேரம் ஒரு துண்டுக் கடதாசி: ‘உடுப்பு 50’, கீழே ஒரு தொகை, ஒரு கிறுக்கல். கடையின் பெயர் இல்லை, திகதி இல்லை, எந்தக் குறியுடைய பொருள் என்று இல்லை. இந்தத் துண்டை எந்தத் தளமும் ஏற்காது, நீதவானும் ஏற்கமாட்டார். கடையின் பெயர், முகவரி, திகதி, பொருளின் பெயரும் எண்ணிக்கையும் விலையும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். ‘பில் போட்டால் விலை கூடும்’ என்பார்கள். அந்தக் கூடுதல் விலைதான் உங்கள் கடைக்கான காப்பு. காசை வங்கி வழியாக அனுப்பினால் இன்னொரு சாட்சியும் சேரும். இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். போன் என்றால் *#06# அழுத்தி வரும் 15 இலக்கத்தை, முன்னால் ஐ.எம்.இ.ஐ. என்று ஆங்கில எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 1909க்கு அனுப்பினால் அது தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். விற்பதற்கு முன் அந்தப் பதிலைப் படம் பிடித்து வையுங்கள்.

அறிவித்தலுக்குப் பதில் எழுதும்போது சுருக்கமாக எழுதுங்கள். எந்தக் குறி, அதன் பதிவு இலக்கம் என்ன, இலங்கையில் பதிவானதா, பொருளை வாங்கிச் சோதித்தீர்களா, படத்தை மட்டும் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பில்லையும் பொருளின் நெருக்கமான படங்களையும் இணையுங்கள். இல்லாத பில்லைக் கணினியில் செய்து அனுப்புவது கொப்பி விற்பதைவிடப் பெரிய குற்றம். வேறு பெயரில் புதுக் கணக்குத் திறந்து அதே பொருளைப் போடுவதும் வேண்டாம்.

கனடாவிலும் லண்டனிலும் இருந்து அமெரிக்காவுக்கு விற்கும் நம் உறவுகளுக்கு ஆபத்து இன்னும் பெரிது. சிக்காகோவில் உள்ள சமஷ்டி நீதிமன்றத்தில் நூற்றுக்கணக்கான கடைகளின் பெயரை ஒரே அட்டவணையில் போட்டு வழக்குத் தொடுக்கிறார்கள். விற்பனையாளருக்கு விஷயம் தெரிய முன்னமே அவருடைய கணக்கில் உள்ள காசு முடக்கப்படும்.

குறி உடையவர்களின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது என்பதை இலங்கையர்களான நாம் மறுக்க முடியாது. வேறு நாட்டுக் கறுவாவைச் ‘சிலோன் கறுவா’ என்று விற்பதால் நட்டப்பட்டவர்கள் நாம்தான். 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்புத் தந்தபோது மகிழ்ந்ததும் நாம்தான். போலியைப் பிடிக்க வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. தளங்களிடம் நாம் கேட்பது இவ்வளவுதான்: பொருளை நீக்கும் முன் விற்பனையாளருக்குப் பில்லைக் காட்ட இரண்டு நாள் கொடுங்கள். முறையிட்டவர் யார், எந்தக் குறி என்பதை அறிவித்தலிலேயே எழுதுங்கள். முறைப்பாடு தவறென்று தெரிந்தால் நிறுத்தி வைத்த காசை உடனே விடுங்கள். அந்த அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் அனுப்புங்கள். இந்த நான்கையும் தளங்கள் செய்யும்படி பணிக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையும் தேசிய புலமைச் சொத்து அலுவலகமும் முன்வர வேண்டும்.