எழுதிக் கொடுக்கும் முன் ஒரு வரி

நம்ம பக்கம் எழுதுகிற செட்டில்மென்ட் பத்திரத்தில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: “உன் மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்.” நிலத்தைப் பிள்ளைக்கு எழுதும்போது பத்திர எழுத்தர் வழக்கமாகப் போடுகிற வரி இது. அடுத்து, “இன்று முதல் நீயே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்” என்று வரும். அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தவர் நாளைக்கு எங்கே இருப்பார், யார் சோறு போடுவார் என்று ஒரு எழுத்து இருக்காது. கேட்டால், “பெத்த புள்ளைகிட்ட போய் கண்டிஷன் போடுறதா?” என்பார்கள்.

சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் நாகப்பட்டினம். அங்கே 87 வயது அம்மா ஒருவர். மூன்று மகள்கள் இருந்தும், மகனும் மருமகளும் கடைசி வரை பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி மகன் பேருக்குச் சொத்தை எழுதிக் கொடுத்தார். மகன் இறந்துவிட்டார். அதன் பிறகு மருமகள் கவனிக்கவில்லை என்று அந்த அம்மா ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தார். ஆர்.டி.ஓ. பத்திரத்தை ரத்து செய்தார். மருமகள் சென்னை உயர்நீதிமன்றம் போனார். தனி நீதிபதி ஒத்துக்கொள்ளவில்லை, மேல்முறையீடு செய்தார். 2025 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அம்மாவுக்கே சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. பெற்றவர் அன்பின் பேரில் எழுதிக் கொடுத்தால், தன்னைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை அதற்குள்ளேயே இருக்கிறது, தனியாக எழுதியிருக்க வேண்டியதில்லை என்றது.

நல்ல தீர்ப்புதான். ஆனால் 87 வயதில் கோர்ட் படி ஏறித்தான் அதை வாங்க வேண்டியிருந்தது.

இதற்கு அடிப்படை பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. அதில் 23ஆவது பிரிவு நமக்கு முக்கியம். 60 வயது ஆனவர், தன் அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தை ஏமாற்றி வாங்கியதாகக் கருதி ரத்து செய்யலாம். சட்டம் வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்கு மட்டும்தான் இது.

சிக்கல் அந்த ‘நிபந்தனையோடு’ என்ற சொல்லில் இருக்கிறது. 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில், நிபந்தனை இருந்ததாக நிரூபிக்காவிட்டால் இந்தப் பிரிவு பொருந்தாது என்றது. 2025 ஜனவரி 2 அன்று மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம், முதியோரைக் காக்க வந்த சட்டத்தைத் தாராளமாகத்தான் பார்க்க வேண்டும் என்று தாய்க்குச் சொத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அங்கே தானப் பத்திரம் எழுதிய அன்றே மகன் தனித்தாளில் உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தது கைகொடுத்தது. ஆக, நம் வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்று காத்திருப்பதைவிட, பத்திரத்திலேயே அந்த ஒரு வரியை எழுதிவிடலாமே.

என்ன எழுதுவது? நாகப்பட்டினம் வழக்கிலேயே பாடம் இருக்கிறது. அங்கே மகன் முந்திக்கொண்டார். அதனால், “நீயும், உனக்குப் பின் உன் வாரிசுகளும், இந்தச் சொத்து யார் கைக்குப் போகிறதோ அவர்களும்” என்று இருக்க வேண்டும். கொடுப்பவர் தன்னை மட்டும் நினைத்து எழுதக் கூடாது, “எனக்கும் எனக்குப் பின் என் மனைவிக்கும்” என்று வர வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் கடைசியில் தனியாக நிற்பது அம்மாதான். சாப்பாடு, துணிமணி, வைத்தியம், குடியிருக்க அந்த வீடு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ‘நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பிற்பாடு வாதத்துக்குத்தான் வழி.

இன்னொரு காப்பு, ஆயுள் உரிமை. சொத்து பிள்ளைக்கு, உயிரோடு இருக்கும் வரை அனுபவம் எங்களுக்கு. இதைப் போட்டால் பிள்ளைகள் முகம் சுளிப்பது ஏன் என்று வங்கியில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும். அந்தப் பத்திரத்தை வைத்துக் கடன் கேட்டால், அப்பா அம்மா கையெழுத்து இல்லாமல் வங்கி வக்கீல் ஒப்புதல் தரமாட்டார். பிள்ளைக்கு அது தொந்தரவு. ஆனால் பெரியவர்களுக்குத் தெரியாமல் நிலம் அடமானம் போகாமல் இருப்பதும் அதே கையெழுத்தால்தான். மகன் டிராக்டர் லோன் வாங்க வேண்டுமா, நீங்களும் கூடப் போய்க் கையெழுத்துப் போடுங்கள்.

இப்போதே எழுதித்தான் ஆக வேண்டுமா என்றால், இல்லை என்பேன். செட்டில்மென்ட் பதிந்த நிமிஷமே சொத்து கை மாறிவிடும். மனசு மாறினால் கொடுத்தவர் மட்டும் தனியாகப் போய் ரத்து செய்துவிட முடியாது. உயில் அப்படியில்லை. சாகும் வரை சொத்து உங்களுடையது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாள் வேண்டாம். பதிவும் கட்டாயம் இல்லை, ஆனால் பதிந்துவிடுவது நல்லது. இரண்டு சாட்சிகள் கட்டாயம். சாட்சிகள் உங்களைவிட வயதில் குறைந்தவர்களாக, சொத்தில் பங்கு பெறாதவர்களாக இருக்கட்டும். பதிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். உயில் பதிகிற புத்தகம் தனி. நீங்கள் உயிரோடு இருக்கும் வரை வேறு யாருக்கும் நகல் தரமாட்டார்கள், வில்லங்கச் சான்றிலும் வராது.

உயிலில் எழுத முடிவது உங்கள் சுயசம்பாத்தியமும், பிதுரார்ஜித சொத்தில் உங்கள் பங்கும்தான். 2005 திருத்தத்துக்குப் பிறகு பிதுரார்ஜிதத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவரைப் பெற்ற தாய்க்கும் ஒரு பங்கு உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை முஸ்லிம் நண்பர்களுக்கு வேறு கணக்கு. வாரிசுகள் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

இயற்கை விவசாயிக்கு இதற்கு மேலும் ஒரு கவலை இருக்கிறது. ஐந்து ஏக்கர், பத்து வருஷமாய் ரசாயனம் படாத மண் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே கோடு போட்டுப் பிரித்தால் போர் ஒருத்தர் பங்கில், வண்டிப் பாதை இன்னொருத்தர் பங்கில் விழும். ஒருத்தர் யூரியா போட ஆரம்பித்தால் வாய்க்கால் தண்ணீரோடு அது அடுத்த வயலுக்கும் வரும். அங்ககச் சான்று போனால், திரும்ப வாங்க ஓராண்டுப் பயிருக்கு இரண்டு வருஷம், பலா முந்திரி மாதிரி மரப்பயிருக்கு மூன்று வருஷம் மாற்றுக் காலம் காத்திருக்க வேண்டும். அதனால் எந்தப் பிள்ளை மண்ணில் கால் வைக்கிறதோ அதற்கு நிலத்தையும், வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைக்கு வீட்டையோ டெபாசிட்டையோ கொடுப்பதுதான் என் கட்சி. மதிப்பில் வித்தியாசம் வந்தால் ரொக்கமாகச் சரிக்கட்டலாம். பிரித்தே ஆக வேண்டும் என்றால் மின் இணைப்பு யார் பேருக்கு, மற்றவருக்கு வாரத்தில் எத்தனை நாள் தண்ணீர், பாதை எத்தனை அடி, வரப்போரம் எவ்வளவு இடைவெளி என்று பாகப் பத்திரத்திலேயே எழுதுங்கள். வாய்ப்பேச்சு அடுத்த தலைமுறைக்கு நிற்காது.

வங்கிப் பணம் பற்றி ஒரு வார்த்தை. நாமினி என்றால் சொத்துக்காரர் என்று நினைக்கிறார்கள். நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பவர், அவ்வளவே. 2025 நவம்பர் 1 முதல் டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போட்டு, யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். அதையும் உயிலையும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது கஷ்டப்படுகிறவர்கள் மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். நம் மாவட்டத்தில் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் என மூன்று கோட்டங்கள். நடக்க முடியாதவர்களுக்காக வேறொருவரும் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். பிள்ளையில்லாதவர்கள், சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினரிடம் கேட்கலாம். நோட்டீஸ் கொடுத்ததிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மனுவோடு செட்டில்மென்ட் பத்திர நகல், வில்லங்கச் சான்று, வயதுக்கு ஆதாரம், இதுவரை மருந்துக்குச் செலவழித்த ரசீதுகள் இருக்கட்டும். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567. சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு.